விடுபட்ட கட்டம்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் சிட்டுவும் சுகம். உன் உடம்பைப் பற்றி மூன்று வரியாவது எழுது. போன கடிதத்தில் சிறைத் தோட்டத்துப் பூனைக்கு ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு உனக்கு ஒரு வரி ஒதுக்கியிருந்தாய்.

என் கணவனைக் கொன்றதாக நீ உள்ளே போய்ப் பதினாலு மாதம் ஆகிறது. நான் உனக்குக் கடிதம் போடுவது தெரிந்தவர்கள் இன்னும் வாயில் கைவைக்கிறார்கள். வைக்கட்டும். எதிர்வீட்டு அம்மா நேற்றுக்கூட, "எப்படிம்மா மனசு வருது உனக்கு?" என்று கேட்டாள். தபால்தலை ஒட்டும்போது வந்துவிடுகிறது என்றேன்.

உங்கள் சிறையில் சனிக்கிழமைதோறும் சாஃப்ட்வேர் வகுப்பு ஆரம்பித்திருக்கிறார்களாம். கடைசிப் பரீட்சையில் தேறியவர்களின் தண்டனைக் குறைப்பு மனுவைச் சீக்கிரம் எடுப்பார்களாம். உடனே பேர் கொடு. பன்னிரண்டு வருஷத்தில் இரண்டு குறைந்தாலும் சிட்டுவுக்கு நீ பள்ளிக்கூட நாளிலேயே மாமாவாகக் கிடைப்பாய். பத்தாம் வகுப்பில் கம்ப்யூட்டர் பாடத்துக்கு மட்டம் போட்டவன் நீ. கடவுள் காத்திருந்து பழிவாங்குகிறார்.

அந்த வகுப்புக்கு அனுப்பியிருக்கும் கையேடு நான் எழுதியது. "தொடக்கக்காரர்களின் பதினொரு தவறுகள்." என்னிடம் படித்த பிள்ளைகள் எட்டு வருஷமாகச் செய்த தவறுகளைப் பொறுக்கிச் சேர்த்தது. புரோகிராம் எழுதுவதற்கு முன்னால் படம் வரைய வேண்டும். ஒவ்வொரு ஆளுக்கும் பொருளுக்கும் ஒரு கட்டம். மேலே பேர், நடுவில் அதன் நிலை, கீழே அது செய்யும் வேலை. யார் யாரிடம் பேசுகிறார்களோ அவர்களுக்கு நடுவே ஒரு கோடு. எலக்ட்ரீஷியனுக்கு இதென்ன பிரமாதம்? நீ வரையாத வயரிங் படமா?

சிட்டு உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். எட்டு வயது முடிந்துவிட்டது, நினைவிருக்கட்டும்.

அன்புடன்,
அக்கா

*

ஜனவரி 28

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம். சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறது. தூக்கம் வருகிறது. மூன்று வரி ஆயிற்று.

வகுப்பில் சேர்ந்துவிட்டேன். வாத்தியார் ஒல்லியாக இருப்பார், சாக்பீஸைவிடக் கொஞ்சம் கனம். உன் கையேட்டைக் கையிலேயே வைத்திருக்கிறார். எழுதியது என் அக்கா என்று சொன்னேன். நம்பவில்லை. இந்தக் கடிதத்தைப் பார்த்தால் நம்புவார்.

முதல் படம் சிறைச் சமையலறை. கரண்டி என்று ஒரு கட்டம் போட்டுக் கீழே "பரிமாறும்" என்று எழுதினேன். வாத்தியார் சிரித்துவிட்டு, "அப்ப நீங்க எதுக்குத் தட்டோட வரிசையில நிக்கிறீங்க, கரண்டியே வருமே" என்றார். வகுப்பே சிரித்தது. வார்டருக்கும் ஒரு கட்டம் போட்டேன். படத்தைக் கூடவே அனுப்பியிருக்கிறேன், திருத்தி அனுப்பு.

கடிதங்களைப் படித்து முத்திரை குத்தும் அதிகாரிக்கு நாங்கள் வைத்த பேர் பூதக்கண்ணாடி. இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "இது தப்பிக்கிற வழியாடா?" என்றார். சாம்பார் வாளியைக் காட்டிப் புரியவைப்பதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது.

இன்னொரு விஷயம். அத்தானின் தம்பி ஏதோ அடிதடியில் மாட்டி எங்கள் பிளாக்குக்கே வந்திருக்கிறான். முதல் நாள் என்னைப் பார்த்தான். நீ கவலைப்படாதே. நான் நலம்.

சிட்டுவுக்கு என் முத்தம்.

உன் தம்பி

*

பிப்ரவரி 16

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே இருவரும் சுகம். சிட்டுவுக்குச் சளி, போய்விட்டது.

படத்தைச் சிவப்பு மையால் திருத்தியிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கருவி தானாக எதையும் செய்யாது. கரண்டியோ சுத்தியலோ, பிடித்த கைக்குத்தான் வேலை. அது மூன்றாவது தவறு. அதைவிட மோசமானது ஐந்தாவது. உன் வார்டர் கட்டத்தில் பதினாலு வேலை எழுதியிருக்கிறாய். கதவைத் திறக்கிறார், சாப்பாடு போடுகிறார், பாத்திரம் எண்ணுகிறார். மற்றக் கட்டங்கள் எல்லாம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள். ஒருத்தன் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட்டால் படம் வரைவது சுலபம். ஆனால் அது பொய்ப் படம். அவரவர் வேலை அவரவர் கட்டத்தில் இருக்க வேண்டும்.

இந்த வரியை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவை மூடி வைத்திருந்தேன்.

அத்தானின் தம்பி என்ன சொன்னான்? நீ நலம் என்று ஒரே கடிதத்தில் இரண்டு தடவை எழுதியிருக்கிறாய். ஒரு தடவை எழுதியிருந்தால் நம்பியிருப்பேன்.

அக்கா

*

ஏப்ரல் 3

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். நீயும் சிட்டுவும் சுகமா? கையெழுத்தைப் பார்த்துப் பயப்படாதே. குளியலறையில் வழுக்கி விழுந்து விரலில் அடி. இரண்டு விரல்தான்.

கடைசிப் பரீட்சைக்குப் படம் கொடுக்க வேண்டும். நிஜமாக எழுதப்பட்ட ஏதாவது ஒன்றை எடுத்து, அதில் பேர்ச்சொல்லை எல்லாம் அடிக்கோடிட்டுக் கட்டமாக்கி, வினைச்சொல்லை எல்லாம் வேலையாக்க வேண்டும். என்னிடம் இருந்த ஒரே எழுத்து என் தீர்ப்பின் நகல். நாற்பத்தோரு பக்கம். அதிலேயே அடிக்கோடு போட்டேன்.

நாலு கட்டம் வந்தது. குற்றவாளி, இறந்தவர், அறை, இஸ்திரிப் பெட்டி. குற்றவாளி வெளியிலிருந்து வந்தான், சண்டை போட்டான், பெட்டியை எடுத்தான், ஆறு தடவை அடித்தான். இறந்தவர் விழுந்தார். வீட்டு எஜமானி வகுப்பு நடத்தப் போயிருந்தார், குழந்தை பக்கத்து வீட்டில், ஆகவே அவர்களுக்குக் கட்டம் இல்லை.

வாத்தியார் உன் கையேட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கோடாக விரலால் ஓட்டிப் பார்த்தார். இஸ்திரிப் பெட்டியில் நின்றுவிட்டார். நடுவில் "நிலை: கொதிக்கும் சூடு" என்று எழுதியிருந்தேன், தீர்ப்பில் அப்படித்தான் இருக்கிறது. "ஏழாவது தவறு. ஒரு நிலை இருந்தா அதை உண்டாக்கினவங்க படத்துல இருக்கணும். பெட்டியைச் சூடாக்கினது யாருப்பா?" என்றார்.

பதினேழு வருஷம் வயர் பிடித்தவன் அக்கா நான். போலீசிலும் கோர்ட்டிலும் எல்லாவற்றையும் சொன்னேன், ப்ளக்கை மட்டும் மறந்திருக்கிறேன். அவர்களும் கேட்கவில்லை. "சூடு"ங்கறதை அழிச்சிடறேன் சார் என்றேன். "பிணத்துல தீக்காயம்னு பக்கம் பத்தொன்பதுல இருக்கே" என்றார்.

இந்தப் படத்தை விட்டுவிட்டு நூலகத்தை வரையப் போகிறேன். நீ இதைப் பற்றி ஒன்றும் எழுதாதே. சிட்டுவைப் பார்த்துக்கொள். அது ஒன்றுதான் உன் வேலை.

உன் தம்பி

*

ஏப்ரல் 19

அன்புள்ள தம்பிக்கு,

இருவரும் சுகம். இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. சிட்டுவுக்கு முன்பல் விழுந்து, அதைத் தீப்பெட்டியில் போட்டு உனக்கு அனுப்பச் சொல்கிறாள்.

நூலகமே நல்லது.

விரலுக்கு மருந்து போடுகிறார்களா?

அக்கா

*

மே 30

அன்புள்ள அக்காவுக்கு,

பல் வந்து சேர்ந்தது. பூதக்கண்ணாடி அதை நிஜமாகவே பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

இடது கையால் எழுதுகிறேன், அதனால் சுருக்கம். வாத்தியார் நூலகத்தை ஏற்கவில்லை. ஆரம்பித்ததை முடி என்கிறார். நான் முடிக்கப் போவதில்லை. சான்றிதழ் இல்லாவிட்டால் போகிறது, பன்னிரண்டு வருஷம் என்ன, ஓடிவிடும். நீ தைரியமாக இரு. எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

உன் தம்பி

*

ஜூன் 21

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் மகளும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். தங்கள் தம்பிக்குச் சனிக்கிழமை வகுப்பு எடுப்பவன் நான். தங்கள் கையேட்டால் பயனடைந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். நான் எழுதுவது அவருக்குத் தெரியாது.

தங்கள் கணவரின் தம்பி இங்கே இருப்பது தெரியும் அல்லவா? தீர்ப்பில் ஆறு அடி என்று இருக்கிறது. அவன் அந்த ஆறை எண்ணிக்கொண்டிருக்கிறான். ஆள் நடமாட்டம் குறைந்த நேரம் பார்த்துத் தங்கள் தம்பியின் விரலைப் பிளாக்கின் இரும்புக் கதவு இடுக்கில் வைத்துக் கதவை இழுக்கிறான். அடிக்கு ஒரு விரல். வலது கையில் மூன்று முடிந்தது. இடது கையில் போன வாரத்தோடு இரண்டு. முன்பற்கள் இரண்டு போயின, இரண்டாவது விரலின்போது திமிறியதற்காக. இதை நான் மருத்துவ அறை ஊழியரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

புகார் எழுதித் தருகிறேன், கையெழுத்துப் போடுங்கள் என்றேன். "கதவுல நானே மாட்டிக்கிட்டேன் சார்" என்கிறார். விசாரணை என்று வந்தால் பழைய கதையைக் கிளறுவார்கள் என்று பயப்படுகிறார். எதைக் கிளறுவார்கள் என்று நான் கேட்கவில்லை. ஆறாவது விரலோடு அவன் நிறுத்துவான் என்று எனக்கு நம்பிக்கையில்லை. ஆறாவது முடிந்தால் கழுத்து என்று பிளாக்கில் சொல்லிவைத்திருக்கிறானாம்.

தங்கள் தம்பி வரைந்த படம் என்னிடம் இருக்கிறது. நான் போலீஸ்காரன் அல்ல. மாணவர்கள் வரைந்த படம் ஓடுமா ஓடாதா என்று பார்க்கிறவன். அந்தப் படம் ஓடாது. அதில் ஒரு கட்டம் விடுபட்டிருக்கிறது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
வாத்தியார்

*

ஜூன் 27

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகமாக இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கடிதத்தை வாசலில் இருக்கும் தபால்பெட்டியில் போட்டுவிட்டு நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறேன். அதனால் இதில் மறைத்து எழுத எதுவும் இல்லை. பூதக்கண்ணாடி சாருக்கு ஒரு வேண்டுகோள், இந்தக் கடிதத்தை நன்றாகவே படியுங்கள். படித்ததும் என் தம்பியை வேறு பிளாக்குக்கு மாற்றுங்கள். அவனிடம் மிச்சம் இருப்பது ஐந்து விரல்.

உன் படத்தைத் திருத்துகிறேன்.

விடுபட்ட கட்டத்தின் பேர் அக்கா. நடுவில் நிலை: இடது தோளில் இஸ்திரிப் பெட்டி வடிவத்தில் இரண்டு பழைய தழும்பு. கீழே வேலை: ப்ளக்கைச் சொருகினாள். அன்றைக்கு மத்தியானம் சாப்பிட வந்தவளிடம் உன் அத்தான் சட்டையை நீட்டினார். தேய்த்துக் கொடுத்தேன். காலரில் ஒரு மடிப்பு விழுந்திருந்தது. பெட்டியைப் பிடுங்கி மூன்றாவது தடவையாகத் தோளில் வைத்தார். நான் கத்தவில்லை, பழகிவிட்டது. கத்தாததுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. "உனக்கு உறைக்கல. உன் பொண்ணுக்கு உறைக்கும்" என்று பெட்டியைக் கீழே வைத்துவிட்டு உள்ளறைப் பக்கம் திரும்பினார். சிட்டு பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று அவருக்குத் தெரியாது.

நான் எடுத்தேன். முதல் அடி அவரை நிறுத்த. அதிலேயே அவர் விழுந்துவிட்டார். மீதி ஐந்தும் யாரையும் நிறுத்த அல்ல. ஒன்பது வருஷத்துக்காக அடித்தேன். எலும்பு நொறுங்குகிற சத்தம் கேட்டது, அதற்குப் பிறகும் அடித்தேன். தோலும் முடியும் பெட்டியில் ஒட்டிப் பொசுங்கின. அந்த நாற்றம் இன்றைக்கும் எந்தச் சட்டையைத் தேய்த்தாலும் வருகிறது. அந்த ஐந்துக்காக நான் வருத்தப்படுகிறேனா என்று கேட்டால், தம்பி, பதில் எனக்குத் தெரியவில்லை.

ஃபேனைச் சரிபார்க்க நீ வந்தாய். பெட்டியை என் கையிலிருந்து வாங்கினாய். சின்னப் பிள்ளையின் கையைக் கழுவுவது போலக் குழாயடியில் என் கையைக் கழுவிவிட்டாய். "ஒரு அடின்னா தற்காப்புன்னு சொல்லலாம், ஆறுன்னா சொல்ல முடியாதுக்கா. சிட்டுவுக்கு அம்மா வேணும். க்ளாசுக்குப் போ" என்றாய். நான் போனேன். அதுதான் நான் செய்த பெரிய குற்றம். பின்கட்டுப் படியில் இறங்கி, இரண்டு மணி வகுப்பில் நின்று, முப்பது பிள்ளைகளுக்கு ஐந்தாவது தவறைச் சொல்லிக்கொடுத்தேன். ஒருத்தன் தலையில் எல்லாவற்றையும் கட்டாதீர்கள் என்று போர்டில் எழுதினேன். புழுக்கமாக இருந்தது, நான் முழுக்கைச் சட்டை போட்டிருந்தேன்.

அதன் பிறகு ஊரில் உள்ள பிள்ளைகளின் படங்களை எல்லாம் திருத்தினேன். ஏப்ரலில் நீ ப்ளக்கைப் பற்றி எழுதியபோது உனக்குச் சிட்டுவின் பல் விழுந்த கதை எழுதினேன். கோழை நான்.

வாத்தியார் கடிதம் வந்த அன்றே கிளம்பியிருப்பேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அதையும் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் சுற்றினேன். மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். சிட்டு ஒரு பெண்ணின் முகத்தில் தண்ணீர்ப் பாட்டிலால் அடித்து மூக்கை உடைத்திருக்கிறாள். மேஜையெல்லாம் ரத்தம். அந்தப் பெண் உன்னைக் கொலைகாரன் என்றாளாம். வீட்டுக்கு வரும் வழியில் சிட்டு தெருவில் நின்றுகொண்டு கேட்டாள்: "மாமா பண்ணலம்மா. நான் பக்கத்து வீட்லேர்ந்து பொம்மை எடுக்க வந்தேன். கதவு கொஞ்சம் திறந்திருந்துச்சு. நீ ஏம்மா மாமாவ அனுப்பிட்ட?"

பத்தொன்பது மாதமாக அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நாம் இரண்டு பேரும் அவளுக்காக ஒரு பொய்ப் படம் வரைந்துகொண்டிருந்தோம். அவள் அதற்குள் அடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். எத்தனை தடவை அடித்தாள் என்று நான் கேட்கவில்லை, பயமாக இருந்தது.

நீ வெளியே வரும்வரை சிட்டு என் கூட வேலை பார்க்கும் தோழி வீட்டில் இருப்பாள். பெட்டி படுக்கையோடு விட்டுவிட்டு வந்தேன். நீ என்னைத் திட்டுவாய் என்று தெரியும். திட்டு. ஆனால் அடிக்கும் வேலை என் கட்டத்தில் இருக்கிறது, அதை இனி உன்னிடம் விட மாட்டேன்.

உன் விரல்களை நினைத்துக்கொண்டே,
அக்கா

*

அடுத்த ஆண்டு, மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

சிட்டு சுகம். இப்போது யாரையும் அடிப்பதில்லை. அந்த மூக்குடைந்த பெண்ணோடுதான் பள்ளிக்கூடம் போகிறாள். நீ எப்படி இருக்கிறாய்? அங்கே வெயில் அதிகமா?

நானே எழுதுகிறேன், நாலு நாளாக. கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே பேனாவைச் சொருகி எழுதப் பழகிவிட்டேன். ஸ்க்ரூடிரைவர்தான் நிற்க மாட்டேன் என்கிறது.

உனக்கு ஏழு வருஷம் என்று கேட்ட அன்று உன் மேல் வந்த கோபம் இன்னும் போகவில்லை. அதைச் சொல்லாமல் அன்பாக எழுத எனக்கு வரவில்லை. விரல் போனாலும் பரவாயில்லை என்று நான் கட்டிவைத்ததை ஒரே தபாலில் பிரித்துப் போட்டாய். வாத்தியார் எனக்கு நூற்றுக்கு எழுபத்தொன்று கொடுத்தார். உன் கட்டத்தைச் சேர்த்து வரைந்த பிறகுதான்.

உன் கடிதம் வந்த நாளில் நடந்ததை நேரில் சொல்லலாம் என்று இருந்தேன். விடுதலையாகி உன்னைப் பார்க்க வந்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உன் முகத்தைப் பார்த்ததும் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பூதக்கண்ணாடி கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பிளாக்குக்கே வந்தார். அத்தானின் தம்பியைக் கூப்பிட்டு, "இந்தாளு அடிக்கலடா. ஒரு அடிகூட அடிக்கல" என்றார். அவன் என்னைப் பார்த்தான். என் கையைப் பார்த்தான். யாரும் எதிர்பார்க்கவில்லை, அவன் நேரே இரும்புக் கதவுக்குப் போய்த் தன் வலது கை விரல் ஒன்றை இடுக்கில் வைத்து இடது கையால் கதவை இழுத்தான். அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். கையை எடுக்காமல் என் பக்கம் திரும்பி நின்றான். இன்னும் நாலு இருக்கிறதே, இழுக்கவா என்று கேட்கிற மாதிரி இருந்தது அவன் முகம்.

நான் போய்க் கதவைத் திறந்து அவன் கையை வெளியே எடுத்தேன். என் கையால் சரியாகப் பிடிக்க முடியவில்லை, முழங்கையால் தள்ளித்தான் திறந்தேன். "போதும்" என்றேன். அவன் தரையில் உட்கார்ந்து அண்ணனின் பேரைச் சொல்லி அழுதான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உன் தோளைச் சுட்டவனுக்காகவும் அழ ஓர் ஆள் இருந்தான் என்பதை நாம் இருவருமே நம் படத்தில் போடவில்லை.

உன் சிறையில் சனிக்கிழமை வகுப்பு ஆரம்பிக்கப் போகிறார்கள் என்று வாத்தியார் சொன்னார். நடத்த ஆள் தேடுகிறார்களாம். பேர் கொடு. கையேட்டைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன், ஏழாவது தவறின் பக்கத்தில் சிட்டு ஏதோ கிறுக்கியிருக்கிறாள், திட்டாதே.

வீட்டில் இஸ்திரிப் பெட்டி இல்லை. நாங்கள் இருவரும் கசங்கிய சட்டைதான் போடுகிறோம்.

நான் நலம். இந்தக் கடிதத்தில் அதை ஒரு தடவைதான் எழுதியிருக்கிறேன், எண்ணிப் பார்த்துக்கொள்.

உன் தம்பி